எம். ராஜாமணி, பி.ஏ., பி.எல்.

1938, ஆகஸ்டு 9, செவ்வாய். நாமக்கல்.

ஆடிக் காற்று. வாசல் பூராவும் மண். கொடியில் போட்ட துணியெல்லாம் செம்மண் நிறம். பாப்பாவின் துணிகளை மறுபடி அலசிப் போட்டேன்.

இன்று சென்னையில் பட்டமளிப்பு விழா. என்னோடு சட்டம் படித்தவர்கள் எல்லோரும் இந்நேரம் கறுப்பு அங்கியோடு வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிட, எழுந்து போய், தலை குனிந்து, பட்டம் வாங்கி. எனக்குத் தபாலில் வருமாம். பாப்பா பிறந்து ஒரு மாதந்தான், ரயில் பயணம் கூடவே கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். துணி பிழியும்போது கொஞ்சம்.

நங்கையாள் பார்த்துவிட்டார். (என் வீட்டுக்காரருடைய அக்கா பாவாயி. பிள்ளைப்பேறு பார்க்க எருமப்பட்டியிலிருந்து வந்தவர் இன்னும் திரும்பவில்லை. எனக்கு அம்மா இல்லாத குறையை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.)

"தபால்ல வந்தா அந்தப் பட்டம் செல்லாதா அம்மிணி?"

"செல்லும்."

"அப்பறம் என்னத்துக்கு அழுவுற? உன்ற கலியாணத்தன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. நான் வல்லீன்னு உங்களுக்குக் கலியாணம் ஆகாமயா போச்சு?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் சாயங்காலம் மல்லிகைப் பூவோடு வந்தார். மாட்டு டாக்டர், அந்த ஆஸ்பத்திரி வாசனையும் கூடவே. பூவை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆகஸ்டு 12, வெள்ளி.

பாப்பா இரவெல்லாம் விழிப்பு. பகலெல்லாம் தூக்கம். வேப்பெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது. ஒரு சீனியர் வக்கீலிடம் ஒரு வருடம் வேலை பழகினால்தான் கோர்ட்டில் நின்று வாதாடச் சன்னது கொடுப்பார்கள். அந்தச் சீனியருக்கு எங்கே போவது? சேலத்தில் ஒருவரைக் கேட்டாயிற்று. நான் வந்தால் மற்ற ஜூனியர்கள் போய்விடுவார்களாம். இங்கே சபாபதி முதலியாரிடம் ஜூன் மாதமே போனோம். இந்த ஊரில் பெரிய வக்கீல், நல்ல மனிதர் என்றார்கள். நல்ல மனிதர்தான். காபி கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று எனக்கு மெத்தை நாற்காலி போடச் சொன்னார். ஆனால் பேசியதெல்லாம் இவரைப் பார்த்துத்தான்.

"டாக்டர், உங்க சம்சாரம் இவ்வளவு படிச்சிருக்கறது ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா பொம்பளைங்க கோர்ட்டு வெராண்டாவுல வந்து நிக்கறது செரிவராதுங்க."

என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வரும் வழியில் இவர் வண்டிக்காரனிடம் காரணமே இல்லாமல் கோபித்துக்கொண்டார்.

ஆகஸ்டு 14, ஞாயிறு.

ராமலிங்கம் வந்தார். என்னோடு படித்தவர், வெண்ணந்தூர்க்காரர், அப்பா தறி நெய்கிறார். சென்னையிலிருந்து நேராக இங்கே. விழாவை நடித்தே காட்டினார். இரவல் அங்கி நீளம், தடுக்கி விழப்போனாராம், முன்னால் நின்றவரின் அங்கியைப் பிடித்துத் தப்பித்தாராம். நங்கையாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்.

பிறகு மெதுவாக ஒரு சேதி. இந்து சட்டத் தாளில் எங்கள் வகுப்பில் முதல் மார்க்கு எனக்காம்! அங்கே எல்லோர் முன்னும் வாசித்தார்களாம். எத்தனை தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன் என்று எண்ணவில்லை.

இன்னொன்று. நாமக்கல் வக்கீல்கள் எல்லோரும் சேர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து இந்த வருடம் பாஸான மூன்று பேருக்கும் விழா எடுக்கப் போகிறார்களாம். ராமலிங்கம், நாமகிரிப்பேட்டை முத்துக்கருப்பன், நான்.

"எனக்குமா?"

"எம். ராஜாமணி விலாசம் வேணும்னு முதலியார் கேட்டாருங்க. மாட்டு டாக்டர் ஊட்டுலன்னு சொன்னனுங்க."

"வேறென்ன சொன்னீங்க?"

"வேற ஒன்னும் அவரு கேக்கலீங்களே." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆகஸ்டு 16, செவ்வாய்.

காலையில் கோர்ட்டுச் சேவகன் (டவாலி) வந்தான். நான் உள்ளே பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நங்கையாள். கேட்டபடியே எழுதுகிறேன்:

"ஏனுங்க, ராஜாமணி இருக்குதுங்களா?"

"உள்ளார இருக்குதுங்க. இப்ப வெளிய வர ஏலாதுங்க."

"சனிக்கெழம சாயங்காலம் வக்கீலுங்க ரூம்புல விழாவுங்க. தலைக்கு உருமால் கட்டி மரியாதை பண்றாங்க. கட்டாயம் வரோணும்னு முதலியார் சொன்னாருங்க."

"வருமுங்க."

"முதலியாருக்கு ஒரு ஜூனியர் வேணுமாமுங்க. இந்து சட்டத்துல மொத மார்க்கு வாங்குன தம்பியை விடக்கூடாதுன்னு நேத்தெல்லாம் அதே பேச்சுங்க."

நங்கையாள் தொண்டையைச் செருமினார். பிறகு, "செரிங்க, சொல்றனுங்க."

உள்ளே வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டார். "தம்பியாமா! தம்பி புள்ளைக்குப் பால் குடுக்குதுன்னு சொல்லிப்போட்டிருப்பன், அம்மிணி. நாக்கைக் கடிச்சு அடக்கிக்கிட்டேன்."

நானும் சிரித்தேன். பாப்பா இருவரையும் முறைத்தது.

மாலை. சிரிப்பெல்லாம் போய்விட்டது. முதலியார் எதிர்பார்ப்பது ஒரு தம்பியை. முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறார் இவர். சொன்னால் என்ன நடக்கும்? "ரொம்பச் சந்தோசமுங்க" என்று காபி கொடுப்பார்கள். என் நாற்காலியை எடுத்துவிடுவார்கள்.

"கூப்பிட்டது எம். ராஜாமணியை. எம். ராஜாமணி போவாள்" என்றேன்.

"எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டா?"

பாப்பாவை அவர் மடியில் போட்டுவிட்டு விளக்கேற்றப் போனேன்.

ஆகஸ்டு 18, வியாழன்.

தபாலில் பட்டம் வந்தது. தடித் தாள், முத்திரை, லத்தீன் எழுத்து. நங்கையாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? ரெண்டு வருசம் படிச்சதுக்கு இன்னொரு ரெண்டு தாளாவது சேத்திக் குடுத்திருக்கலாம்."

என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். யாரும் இல்லாதபோது.

எந்தப் புடவை? பட்டு என்றால் கல்யாண வீடு போல. நீலச் சேலம் கைத்தறி. முடிவு.

இவருக்குச் சனிக்கிழமை மோகனூர்ப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடப் போக வேண்டுமாம். மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்றார். பாப்பாவை யார் பிடிப்பது என்று கேட்டேன். "மாட்டையே பிடிக்கிறேன்."

ஆகஸ்டு 20, சனி.

இன்றே எழுதிவிட வேண்டும்.

காற்று நின்று புழுக்கம். இரட்டை மாட்டு வண்டியில் நான்கு பேர். கோர்ட்டுக்குப் பின்னால் வக்கீல்கள் அறை, வாசலில் மாவிலை, வாழைக்கன்று. அதே டவாலி.

"டாக்டருங்களா, வாங்க. ராஜாமணி வல்லீங்களா?"

"வந்தாச்சே" என்று என்னைக் காட்டினார் இவர்.

டவாலியின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு உள்ளே ஓடினான். நானும் அவன் பின்னாலேயே போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

அறை நிறையக் கோட்டும் தலைப்பாகையும். மேடையில் மூன்று நாற்காலி. இரண்டில் ராமலிங்கமும் முத்துக்கருப்பனும். பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றது. பின்னாலிருந்து யாரோ, "ஏனுங்க, இது லேடீஸ் பங்ஷனுங்களா?" சிரிப்பு. இன்னொருவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒருவர்தான். எல்லோரும் போகவில்லை.

நடந்து போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பெயர் எழுதிய அட்டை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். முத்துக்கருப்பன் வேறு காலேஜ், என்னை இதுவரை பார்த்ததில்லை. தன் நாற்காலியை நகர்த்தினார். விலகுகிறார் என்று நினைத்தேன். பங்கா இழுக்கும் காற்று என் பக்கம் வரட்டும் என்றுதானாம்.

முதலியார் பேசினார். நன்றாகத்தான் பேசினார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு தாம்பாளத்தில் ஜரிகை உருமால் மூன்று. ராமலிங்கத்துக்குக் கட்டினார். கைதட்டல். முத்துக்கருப்பனுக்குக் கட்டினார். கைதட்டல். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"தட்டத்துல வெச்சுக் குடுத்துரலாமுங்களே" என்றார் பக்கத்தில் ஒருவர்.

"தோள்ல போத்தீரலாமுங்க."

"பொன்னாடையில்லீங்களே, உருமாலுங்களே."

எழுந்து நின்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

"கட்டுங்க ஐயா."

என் குரல்தான். அவ்வளவு பெரிதாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

அப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்க... ஜூன் மாசம் டாக்டரோட வந்தீங்க இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்குப் பேரே சொல்லலீங்களே?"

"நீங்க கேக்கலீங்களே."

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முதலியாரின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகுதான் சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார். "ஊரெல்லாம் தேடுன ஆளைக் காபி குடுத்துத் திருப்பி அனுப்புனவன் நானுங்க!"

கட்டினார். கொண்டை இடித்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்படியும் ஒரு பக்கம் சாய்வு. கைதட்டல், கூரை அதிர. முன் வரிசைக் கிழவர் ஒருவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் பின்னால் பாப்பா வீறிட்டது. திரும்பிப் பார்த்தால் இவர் நாற்காலி மேலேயே ஏறி நிற்கிறார், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டுகிறார், கன்னமெல்லாம் ஈரம். நங்கையாள் குலவை போட்டேவிட்டார். கோர்ட்டு வளாகத்தில் குலவை!

பேசச் சொன்னார்கள். இரவு முழுக்கத் தயார் செய்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "சென்னையில் நடந்த விழாவுக்குப் போக முடியவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன். இனி இல்லை. எல்லோருக்கும் நன்றி. பிள்ளைக்குப் பசி" என்று இறங்கிவிட்டேன். மறுபடி கைதட்டல்.

பால் கொடுத்துவிட்டு வந்ததும் போட்டோ. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா, தலையில இருக்கறதை எடுத்துட்டா நல்லா உழுமுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க."

கேசரி, பஜ்ஜி, காபி. கேசரியை மூன்று பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தின்றேன்.

புறப்படும்போது முதலியார் வண்டி வரைக்கும் வந்தார். இம்முறை என்னைப் பார்த்தே. "ராஜாமணி, வெராண்டா செரிவராதுன்னு சொன்னது நெசந்தானுங்க. அங்க வெயில். உள்ளார என்ற மேசைக்குப் பக்கத்துல ஒரு மேசை போடச் சொல்றேன். திங்கக்கெழம வந்துருங்க."

கமலாலயக் குளம் தாண்டியதும் மூவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம்.

ஆகஸ்டு 21, ஞாயிறு.

தலைவலி. உருமாலை இறுகக் கட்டிவிட்டார். சந்தோஷமான தலைவலி.

நங்கையாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். எனக்கு, பாப்பாவுக்கு, கடைசியில் பட்டத் தாளுக்கும்.

எருமப்பட்டியில் கடலைக்காய் பிடுங்கும் காலம், போக வேண்டுமே என்று நானே கேட்டேன். "கடலை புடுங்க ஆளு உட்டுக்கலாம். நான் இருக்கறேன் போ." மத்தியானம் பாப்பாவை வண்டியில் கோர்ட்டுக்கே கொண்டுவருவதாக ஏற்பாடு.

இவர் அந்த ஈரக் கன்னத்தை மறுக்கிறார். வியர்வையாம்.

பெயர் அட்டையை ரவிக்கைப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்டு 22, திங்கள்.

மழை தூறல். குடை. முதல் நாள்.

என் மேசை நிஜமாகவே இருந்தது. ஒரு கால் ஆட்டம். முதலியார் ஒரு பாகப்பிரிவினை வழக்குக் கட்டைக் கொடுத்து, படித்துச் சுருக்கச் சொன்னார். படித்தேன். ஒரு இடத்தில் சித்தப்பன் பங்கைக் கணக்கில் விட்டிருந்தார்கள். சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" போதும் எனக்கு.

கோர்ட்டில் காலை முழுக்க வேடிக்கை. எந்த வழக்கு கூப்பிட்டாலும் வாய்தா. வந்தவர்கள் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். குடை எடுத்துப் போன வக்கீல் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல. பார்க்கட்டும், தினமும் வருவேன்.

மத்தியானம் பாப்பாவுக்காக வாசலில் காத்து நின்றேன். படியில் ஒரு அம்மா, வயல்காட்டுக் கை, மடியில் வெற்றிலை. கொழுந்தனாரோடு வரப்புத் தகராறாம். என்னையும் என் கையிலிருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுஞ் சாமி, நீ வக்கீலா?"

"இன்னும் இல்லீங்க. ஒரு வருசம் பழகோணும். அப்பறந்தான் எந்திரிச்சுப் பேச விடுவாங்க."

வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார்.

"செரி. அப்ப என்ற கேசுக்கு ஒரு வருசம் வாய்தா வாங்கிக்கறேன் சாமி."