நீலம் என்று எழுதிய பதினொரு நாள்

ஜலகண்டாபுரம்,
12.11.1983

அன்பு மகள் சௌந்திரத்துக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம்; நாகபுரியில் நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பயந்து கேட்கிறேன். மழை போதுமான அளவு பெய்தது, கடலைக்காய் பறித்தாயிற்று. போன வாரம் சந்தையில் உன் மாமியார் உன் அம்மாவைப் பிடித்து நிறுத்தி, "அடுத்த ஐப்பசிக்குள்ள பேரன் வந்துருவானுங்க" என்றாராம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேத்தி பிறந்தபோது செய்த ஆபரேஷன் தழும்பிலேயே அடுத்த கரு ஒட்டிக்கொண்டு, போன தையில் சேலத்தில் உன் வயிற்றைத் திறந்து அதை எடுத்தார்களே, அந்தப் புண் ஏன் ஆறவில்லை, ஏன் மறுபடி தையல் போட வேண்டி வந்தது என்று டாக்டரம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்குத் தெரியும். உன் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டில் தினமும் பார்த்து ஒரு சீட்டில் எழுதி வரச் சொன்னார், நான் வேதியியல் வாத்தியார்தானே என்று நம்பி. நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்க வேண்டும். செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. உன் அம்மா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கருப்பட்டி லேகியத்தை மூன்று வேளையும் ஊட்டியிருந்தாள். கேட்டதற்கு, "பிள்ளை தங்காட்டி என்னங்க, வயித்த அறுத்தா அதும் பெத்த ஒடம்புதானுங்க" என்றாள். லேகியத்தை நிறுத்தினேன். அப்போதும் செங்கல் நிறம் மாறவில்லை.

உன் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி, "கத்தரிக்காய் சொத்தைன்னு அறுத்தாத்தான தெரியுது" என்று சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். அந்த வாய்க்குச் சர்க்கரை வியாதியையும் எடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. சீட்டில் பதினொரு நாளும் நீலம் என்று எழுதினேன். அந்த அம்மாளை இன்றும் மன்னிக்கவில்லை, ஆனால் அவரிடம் தோற்கக் கூடாதென்று உன் உடம்பைப் பணயம் வைத்தவன் நான். இப்போது வகுப்பில் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டினால் பிள்ளைகள் நீலம் என்கிறார்கள். எனக்குச் சிவப்பாகத்தான் தெரிகிறது.

இன்னொரு கரு தங்குவதற்கு முன் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார். தழும்பில் கரு ஒட்டிய கதையையும் அங்குள்ள டாக்டரிடம் மறைக்காமல் சொல். நாள் தள்ளினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளை போர் போடும் ரிக் வண்டியோடு வெளியூர் போயிருந்தாலும் காத்திராதே. இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடு. அது அவர் அம்மாவிடம் போகும், போகட்டும்.

நீ நீண்ட நாள் இருக்க வேண்டும், சாமி. பேத்திக்கு முத்தங்கள்.

இப்படிக்கு என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சீட்டின் அடியிலும் இதே கையெழுத்தைத்தான் போட்டேன், அதை நம்பித்தான் உன்னை மறுபடி தைத்து அனுப்பினார்கள். இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.