தலைவி அமலோற்பவம் அம்மாள்

8 ஜூலை 1986, செவ்வாய்

இந்த டைரி உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனமில்லையா, சரி, படியுங்கள். ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அத்தாவிடம். அவர் பெயர் ஜான் பாஷா. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையை ஒட்டிச் சாய்வுப் பெட்டி வைத்து மனு எழுதுகிறவர். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன்.

நான் சாஜிதா, ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பயம் அதிகம். நாய், கணக்கு டீச்சர், ராஜகிரி உச்சிக்கு முன்னால் வரும் மரப்பாலம், கரண்ட் போனால் சுவரில் பெரிதாகத் தெரியும் என் நிழல். எல்லோரும் தூங்கிய பிறகுதான் இதை எழுத முடிகிறது. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. அத்தா தனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் கொடுத்தார், அம்மா பால் கணக்கு எழுத மறந்தாள், நான் எடுத்துக்கொண்டேன். பகலில் இது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும்.

இன்று மரியசெல்வி மயங்கி விழுந்தாள். அவளுக்கு அனந்தபுரம் பக்கம் ஒரு கிராமம். பள்ளி நாலேகாலுக்கு விடும், அவள் பஸ் ஆறேகாலுக்கு. அதுவரை நானும் அவளோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். பேசிக்கொண்டே இருந்தவள் பெஞ்சிலிருந்து நழுவிக் கீழே போய்விட்டாள். வேர்க்கடலை விற்கும் அம்மாக்கண்ணு அக்கா ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

“காலைலேர்ந்து தண்ணி குடிச்சியாடி?”

“இல்லக்கா.”

“ஏன்?”

“குடிச்சா வரும். வந்தா எங்க போறது?”

அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். “நானும் அப்டித்தான். விடிஞ்சதும் ஒரு டீ. அவ்ளோதான். ஆம்பளைங்களுக்கு இன்னா, சுவர் இருக்குது.”

சுவரை நான் பார்த்தேன். ஆமாம். முழுச் சுவரும் அவர்களுடையதுதான்.

9 ஜூலை, புதன்

பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். ஓவர்சியர் வீராசாமி வரைபடத்தைப் பலகையில் ஒட்டினார். எட்டு பஸ் நிற்கலாம். பதினான்கு கடை. டைம் கீப்பர் அறை. சைக்கிள் ஸ்டாண்டு. ஆண்கள் கழிப்பிடம். ஒரு பக்கம் காலியாக விட்டு ‘எதிர்காலத்துக்கு’ என்று எழுதியிருக்கிறது. பெண்களுக்கு என்று எங்குமே இல்லை. மூன்று முறை தேடினேன்.

டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். ஓவர்சியர் அதில் விரல் வைத்து, “இது உமக்குத்தான் பாய்” என்றாராம். இருபது வருடமாக மழை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அத்தா. இரவு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

“பொம்பளைங்களுக்கு எங்கத்தா எடம்?” என்று கேட்டேன்.

“மனு போட்டா வரும்.”

“நீங்க போடுங்களேன்.”

“நான் எழுதறவன்மா. போடறவன் இல்ல. அதுவும் தனி ஆளு போட்டா கூடைக்குப் போவும். சங்கம் போட்டாத்தான் ஃபைலுக்குப் போவும்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஓவர்சியரைப் பகைத்துக்கொண்டால் சதுரம் போய்விடும். அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

12 ஜூலை, சனி

செய்துவிட்டேன். அல்லாவே, செய்துவிட்டேன்.

அத்தாவின் பெட்டியிலிருந்து இரண்டு முழுத்தாள். அவர் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர். அனுப்புநர்: தலைவி, செஞ்சி பெண் பயணிகள் நலச் சங்கம், பேருந்து நிலையம், செஞ்சி.

தலைவிக்கு ஒரு பெயர் வேண்டும். எங்கள் தெருவில் இல்லாத பெயராக இருந்தால் என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அமலோற்பவம் அம்மாள். எழுதியதும் அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு குடையோடு எதிரில் நிற்பது போல் இருந்தது. எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். இரண்டு பேர் என்றால் நன்றாக இருக்காது. இருநூறு என்று போட்டேன்.

மற்றதெல்லாம் உண்மை. மரியசெல்வி விழுந்தது, அக்காவின் ஒரு டீ, சுவர்.

14 ஜூலை, திங்கள்

தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

15 ஜூலை

போலீஸ் ஜீப் ஒன்று எங்கள் தெரு வழியாகப் போனது. நிற்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

மூன்று வாரமாக ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். இன்று சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் தபால்காரர் பாண்டுரங்கன் ஒரு பழுப்பு உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிறார்.

“அமலோற்பவம் அம்மா! அமலோற்பவம் அம்மா இருக்காங்களா?”

“திருவண்ணாமலை போறவங்களா, திண்டிவனம் போறவங்களா?” என்று ஒரு கண்டக்டர் கேட்கிறார்.

“தெரிஞ்சா நான் ஏன்யா கத்தறேன்? கலெக்டர் ஆபீஸ் லெட்டரு. தலைவியாம்!”

மரியசெல்வி என் கையைக் கிள்ளியே விட்டாள். அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். கடைசியில் அவர் அலுத்துப்போய் உறையை அம்மாக்கண்ணு அக்காவின் கடலைக் கூடையில் வைத்தார். “நீதான் நாள் பூரா இங்கயே குந்திகினு இருக்கிற. வந்தாங்கன்னா குடுத்துடு.”

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் சாய்வுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

அத்தா படித்துவிட்டார். அக்காவுக்கும் படித்துக் காட்டினாராம், அந்த ஒரு டீ வரைக்கும். பதின்மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து விசாரிப்பாராம். தலைவியும் உறுப்பினர்களும் வரவேண்டுமாம். கூடவே மனுவை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் கையெழுத்தே கடலூர் போய்த் திரும்பி வந்திருக்கிறது!

அத்தா சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததை அம்மா துவைக்க எடுத்தாள். நான் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன்.

இடது மூலையில், கடுகு அளவில், 786.

சின்ன வயதிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக முதலில் போடுவது அதுதான். பரீட்சைப் பேப்பரிலும் போடுவேன். கை தானாகப் போட்டிருக்கிறது. அமலோற்பவம் அம்மாள் தலையில் போய்.

8 ஆகஸ்ட், வெள்ளி

சாப்பிடும்போது அத்தா அம்மாவிடம் சொன்னார். அம்மாவிடம்தான்.

“அசீசு, மனு எழுத உக்காந்தா நான் பேனாவைத் தொறக்க மாட்டேன். முதல்ல ஆளப் பாப்பேன். நெத்தில விபூதி இருந்தா மூலைல ஒரு உ. கழுத்துல ஜெபமாலை இருந்தா ஒரு சிலுவை. நம்மாளுன்னா 786. ஆபீஸ்ல யாரும் கேக்கறதில்ல. ஆனா அதைப் போடாம குடுத்தா ஜனங்களுக்கு நிம்மதி இல்ல. ஆளப் பாக்காம போடக் கூடாது.”

“இதெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் இன்னா மனுவா எழுதப் போறேன்?”

“சும்மா சொன்னேன்.”

தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் அடிக்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் சொன்னார்?

12 ஆகஸ்ட்

நாளைக்கு. காய்ச்சல் வரவேண்டும் என்று துஆ கேட்டேன். வரவில்லை. உடம்பு கல் மாதிரி இருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கு வருகிறேன் என்ற அதிகாரி வரவில்லை. ஆனால் நானும் மரியசெல்வியும் பள்ளி விட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது ஜீப்பும் நுழைகிறது. நாலரை மணி! தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அதிகாரி கையில் ஃபைல். பக்கத்தில் ஓவர்சியர் வீராசாமி, வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு.

“அமலோற்பவம் அம்மா யாரு?”

மரியசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்து.

“போய்ட்டாங்க சார்” என்றாள் அம்மாக்கண்ணு அக்கா.

“எங்க?”

“பதினோரு மணின்னு லெட்டர் போட்டீங்க. பத்துக்கே வந்து குந்தினாங்க. பன்னண்டாச்சு, ரெண்டாச்சு. பொம்பள எவ்ளோ நேரம் சார் அடக்கிகினு இருப்பா? அதுக்காகத்தான் மனுவே போட்டாங்க.”

முதலில் ஒரு கண்டக்டர் சிரித்தார். பிறகு கடலை வாங்க நின்றவர்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “இங்க வேற எடமே இல்லியா?” என்று கேட்டார்.

“இருக்குது சார். திண்டிவனத்துல.”

அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஓவர்சியருக்குத்தான் கோபம். “சார், இது பொய் மனு. சங்கமும் இல்ல, தலைவியும் இல்ல. பேரு கிறிஸ்துவப் பேரு. தலையில 786 போட்டிருக்குது பாருங்க!”

பஸ் ஸ்டாண்டில் இருந்த எல்லாத் தலையும் அத்தா பக்கம் திரும்பியது. ஓடிப்போய் நான்தான் என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை. காலும் வரவில்லை.

அத்தா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“எழுதினது நான்தான் சார். பழக்கத்துல கை போட்டுடுச்சு.”

அதிகாரி தாளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். “சின்னப் புள்ள எழுத்து மாதிரி இருக்குதே பாய்?”

“அன்னிக்குக் கை நடுக்கம் சார்.”

“மனுல இருக்கறது?”

“எழுத்துதான் சார் கோணல். விஷயம் நேர்.”

அதற்குள் சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு டீச்சர், கைக்குழந்தையோடு ஒருத்தி, பூக்கூடையோடு இரண்டு பேர். நான் சங்கம், நான் சங்கம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் அவரவர் கதையைச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு வரைபடத்தை ஜீப்பின் மேல் விரிக்கச் சொன்னார்.

“தண்ணிக் குழாய் எங்க வருது?”

ஓவர்சியர் காட்டினார். டைம் கீப்பர் அறையை ஒட்டி. அதிகாரியின் பென்சில் நேராக அந்தச் சின்னச் சதுரத்தில் போய் நின்றது.

“சார், அது பாய்க்குன்னு...”

“போடுங்க சார்” என்றார் அத்தா.

14 ஆகஸ்ட், வியாழன்

சதுரம் போய்விட்டது. என்னால். இருபது வருட மழை, என்னால்.

காலையில் சொல்லிவிடலாம் என்று அத்தா எதிரில் போய் நின்றேன். “அத்தா...” என்றேன். அவர் பேனாவை நீட்டி, “மை ஊத்திக் குடு” என்றார். ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் சிந்தினேன். அவர் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். “கை நடுக்கமாம்! ஊசியில நூல் கோக்கற ஆளுக்கு!” சிரிப்பு நின்ற பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து.

22 செப்டம்பர், திங்கள்

புது வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். ‘பெண்கள் கழிப்பிடம், பெண்கள் காத்திருக்கும் அறை.’ மரியசெல்வி அந்த எழுத்தை விரலால் தடவினாள். ஓவர்சியர் அத்தாவிடம், “எடத்தை நீரே தாரை வாத்துட்டீரே பாய்” என்றார். அத்தா, “மழை எனக்குப் பழக்கம்தானே” என்றார்.

12 நவம்பர் 1987, வியாழன்

போன வருடத்து டைரியில் தேதிப் பக்கமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. கடைசியில் ‘முகவரிகள்’ என்று இருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். இன்று இன்னும் யாரும் தூங்கவில்லை, எட்டு மணிதான் ஆகிறது. ஆனால் காத்திருக்க முடியவில்லை.

புது பஸ் ஸ்டாண்டு திறந்து ஒரு வாரம். கதவில் பெரிய பொட்டோடு ஒரு பெண் முகம் வரைந்திருக்கிறார்கள். முதலில் உள்ளே போனது அம்மாக்கண்ணு அக்கா. வெகுநேரம் வெளியே வரவில்லை. நாங்கள் பயந்து கதவைத் தட்டினோம். “சும்மா இருங்கடி, குழாய்ல தண்ணி வருது! மொகம் கழுவறேன்!” மரியசெல்வி தினமும் சாயந்தரம் ஒரு முழு கோலி சோடாவை எல்லோரும் பார்க்கும்படி குடிக்கிறாள்.

அத்தாவின் பெட்டி இப்போது பெண்கள் அறையின் ஜன்னலுக்கு வெளியே, கூரையின் நீட்டலுக்குக் கீழே இருக்கிறது. மழை பெய்தது, நனையவில்லை. அந்த ஜன்னல் கம்பி வழியாகப் பெண்கள் மனு சொல்லுகிறார்கள். முன்பு அவரிடம் பெண்கள் வந்ததே இல்லை. இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிறது. அம்மா திட்டுகிறாள். தலைவி அம்மா எப்போது வருவார் என்று கேட்பவர்களிடம் அக்கா, “வருவாங்க, வருவாங்க” என்கிறாளாம், என்னைப் பார்த்துக்கொண்டே.

அத்தா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றாவது சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் போய்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பெண் குரல். “அமலோற்பவம் அம்மா வீடு இதானுங்களா? அம்மாக்கண்ணு அனுப்பிச்சாங்க. ரேஷன் கார்டு விஷயமா...”

அம்மா சிரிக்கிறாள். அத்தா எழுந்து போகிறார். தாழ்ப்பாள் சத்தம்.

“இதான்மா. உள்ள வாங்க. சாஜி, பேனா எடுத்துகினு வா. முதல்ல ஆளப் பாரு, அப்புறமா