வெள்ளை என்றால்

8 ஜூலை 1997, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. சன்னல் கொக்கி உடைந்து ஆய்வகம் முழுக்கப் புழுதி. துடைத்தேன்.

கூட ஆய்வு செய்யும் நசீமாவுக்குக் கிடைத்துவிட்டது. வெள்ளைப்புள்ளி வைரஸின் மேலுறைப் புரதம் இறாலின் எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது? இரண்டு வருடமாக இருவரும் தேடுவது. இறால் செவுளின் புரதங்களைத் தாளில் ஏற்றி வைரஸில் நனைத்தால், அது ஒட்டிய இடத்தில் பழுப்புக் கோடு விழும். அவளுக்கு நோயுற்ற இறாலில் மட்டும் விழுந்திருக்கிறது. மூன்று முறையும். என் தாள்களில் கறைதான்.

வெள்ளிக்கிழமை சென்னைக் கருத்தரங்குக்கு அவள் ஆய்வுச் சுருக்கம் போகிறது. ஜப்பானில் மேல் ஆய்வுக்கு எங்களில் ஒருவரைத்தான் சிபாரிசு செய்வாராம் வழிகாட்டி சார்.

"நீயும் நல்லாத்தான் செய்யுத, மீனா" என்றார். அந்த 'நீயும்'.

9, புதன்

புன்னக்காயல் இறால் பண்ணைக்கு, செவுள் வாங்க. பஸ்ஸில் நாவல் மடியில். ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

நசீமாவுக்குக் கொடுத்த மாதிரியே வெள்ளை வந்தது ஒரு பொட்டலம், வராதது ஒன்று என்று பண்ணை அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆய்வகத்தில் நோயைச் சுருக்கி 'வெள்ளை' என்போம்.

"வெள்ளை இறாலு தீந்துட்டும்மா. கருப்புதான் கெடக்கு."

நோய் வந்ததைக் கேட்கிறேன் என்றேன்.

"சீக்கு வந்ததையா? அதை அன்னைக்கே சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சாச்சுல்லா. அந்தப் பிள்ளை வெள்ளைன்னுதான கேட்டுது?"

அவருக்கு வெள்ளை என்றால் வேறு இன இறால். அவள் வாங்கிப்போனது வெள்ளை இனம் ஒன்று, கருப்பு இனம் ஒன்று; இரண்டுமே நோயில்லாதவை. செவுளை மட்டும் நறுக்கி ஐஸில் வைத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும். அந்தக் கோடு நோயால் வந்ததல்ல, வெள்ளை இனத்துக்கே உள்ளது.

திரும்பும் பஸ்ஸில் ஆத்தூர் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். எழுதவே கூசுகிறது.

10, வியாழன்

சொல்லவில்லை. ஏன்:

பொறாமை என்பாள்.
அவளே ஏன் விசாரிக்கவில்லை?
சென்னையில் நாலு பேர் முன்னால் யாராவது எழுந்து கேட்கட்டும்.

கடைசிதான் நிஜம்.

மத்தியானம் தன் இடியாப்பத்தில் பாதியை என் டப்பாவில் வைத்தாள். "சாப்பிடுட்டி, மெலிஞ்சுக்கிட்டே போற." சாப்பிட்டேன்.

11, வெள்ளி

லேசான தூறல். நசீமா சுருக்கத்தை வைத்த கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"எப்பம்ட்டி தெரியும்?"

"புதன்கிழமை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு நேரே சாரின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. தன் தப்பு என்றாள், மீனாதான் கண்டுபிடித்தாள் என்றாள். புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சார் என்னையும் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அனுப்புததுக்கு முன்னால தானா வந்து சொல்லுத பாரு. இந்த நேர்மை யாருக்கு வரும்?"

சொன்னது நசீமாவைப் பார்த்து.