கழுத்தில் பட்ட கை

தேகு, கொரியா

பூவரசி அப்பாவுக்கு, தெய்வானை எழுதுவது. நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இடுப்பு வலி தேவலையா? கரும்பு வெட்டு முடியும்வரை கட்டுத் தூக்காதீர்கள்.

ஞாயிறன்று போனில், "இன்னா, தொண்ட கட்டிக்கினு கீது?" என்று கேட்டீர்களே, பயப்படும்படி ஒன்றுமில்லை. காலையிலிருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் தொண்டை கட்டத்தான் செய்யும். இங்கே 'ஸீப்ரா' என்றால் எல்லாருக்கும் 'ஜீப்ரா' என்றுதான் வருகிறது. கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு, அந்த 'Z' சத்தத்தைத் தேனீ இரைவதுபோல இழுக்கச் சொல்வேன். விரலில் அதிர்வு தெரிய வேண்டும்.

மாலை வகுப்பில் மிஞ்சா என்று ஓர் அம்மா. எத்தனை முறை சொல்லியும் அவருக்கு அந்த அதிர்வு பிடிபடவில்லை. எழுந்து வந்து, குனிந்து வணங்கிவிட்டு, இரண்டு கையாலும் என் கழுத்தைத் தொட்டார். இங்கே எல்லாரும் தள்ளி நின்றுதான் வணங்குவார்கள். ஊரை விட்டு வந்தபிறகு என்மேல் ஒரு கை பட்டது அன்றுதான். எனக்குச் சத்தமே வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இதைக் கொண்டுவரும் சங்கராபுரத்து அண்ணன் இங்கே திரும்பும்போது, அவரிடம் சுக்கும், கல்வராயன் மலைத் தேனும் கொடுத்தனுப்புங்கள். அவருக்கு ஏர்போர்ட் பஸ்ஸுக்கு நேரமாகிறதாம், வாசலில் நிற்கிறார்.

ஒன்று மட்டும். பாப்பாவுக்கு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். இப்போது உங்கள் கழுத்தைத்தான் தேடுவாள். தாடியை வழித்துவிட்டுப் படுங்கள், கையில் குத்தும்.

தெய்வானை