பச்சைப் பெட்டியை அமத்திய கை

மாம்புரி
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுத பிறகு

அன்பு மகள் நஸ்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் நல்ல சுகம், உன் சுகத்துக்கு துஆச் செய்கிறோம் என்றுதான் தொடங்க வேண்டும். வாப்பாவின் பிரஷர் பரவாயில்லை, சீனியும் ஏறவில்லை, அந்த மட்டில் அல்ஹம்துலில்லாஹ். என் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும், பொய் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம், இனி வேண்டாம். முத்தலிபு நானாவின் மரக்கறி லொறி மூன்று மணிக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறது, அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாப்பாவின் மருந்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். நின்றுகொண்டு வாசிக்காதே மகள், கதிரையில் உட்கார்ந்து வாசி.

இந்தப் பிரச்சினை எல்லாம் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை அசர் நேரம், கந்தோர் வேலைக்கு உனக்குத் தந்த போனில் ‘ஓம்’, சம்மதம் என்று அமத்தியது நான்தான். நீ தொழுகைப் பாயில் இரண்டாவது ரக்அத்தில் நின்றாய், போன் மேசைக் கண்ணாடியில் கிடந்து விறுவிறு என்று துடித்தது, நின்றது, திரும்பத் துடித்தது. பத்துப் பன்னிரண்டு தரம் இருக்கும். அப்போதுதான் கண் அயர்ந்த வாப்பா திடுக்கிட்டு விழித்தார். தொழுகிறவரின் போன் சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்தான் நிறுத்த வேண்டும், நம் வீட்டில் எந்தக் காலமும் அப்படித்தானே. ஓடிப்போய்ப் பார்த்தால் இங்கிலிஷில் ஏதோ எழுதி, கீழே பச்சையில் ஒரு பெட்டி, சிவப்பில் ஒரு பெட்டி. சிவப்பை அமத்தினால் உன் கந்தோர்ப் பெரியவர்கள் எடுத்த போன் கோலை முகத்தில் அடித்த மாதிரி வெட்டியதாகிவிடும் என்று நினைத்தேன். மரியாதை பார்த்துப் பச்சையை அமத்தினேன், உடனே சத்தம் அடங்கியது. நீ ஸலாம் கொடுத்து எழும்பும்போது நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், சொல்லவும் நினைவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய அவர்கள் தந்த அந்தப் போனையும் லப்டொப்பையும் வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது என்று நீ கையெழுத்து வைத்துக் கொடுத்ததும், அதை எனக்கு வாசித்துக் காட்டியதும் எனக்கு நன்றாகத் தெரியும். அது பிள்ளைகள் விளையாடுவதற்குச் சொன்னது, பெற்ற தாய்க்கு இல்லை என்று நினைத்த மடைச்சி நான். ஒரு கந்தோரின் கதவையே விரலளவு பச்சைப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தவனையும் ஏசத்தான் வேண்டும், அதைப் பிறகு ஏசுகிறேன்.

உன்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டுப் போனையும் லப்டொப்பையும் வாங்கி வைத்துக்கொண்ட மறுநாள், சிலாபம் கிளைக் கந்தோரிலிருந்து றொபின்சன் என்று ஒரு ஐயா வீட்டுக்கு விசாரிக்க வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர்தான் விளக்கமாகச் சொன்னார். எவனோ உன் கடவுச்சொல்லை முன்னமே களவெடுத்து வைத்திருந்தானாம், ஆனாலும் உன் போனில் ஓம் என்று அமத்தும் வரைக்கும் கந்தோர் நெட்வேர்க்குக்குள் நுழைய முடியாதாம், அதனால் சலித்துப்போய் ஒரு தரமாவது அமத்துவார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பானாம். அவன் உள்ளே போய்ப் பார்த்தது எதை என்று கேட்டேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த நம் சனம் காணிக்கு எழுதிக் கொடுத்த படிவங்களாம். அடையாள அட்டை நம்பர், காணி உறுதி நம்பர், எல்லாம். நானும் வாப்பாவும் எழுதிக் கொடுத்ததும் அதற்குள்தானே கிடக்கிறது. அவர் பேனாவைத் திறந்து, அந்தப் போனை வீட்டில் வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்றால்தான் உன் கையெழுத்து நிற்கும், உன் வேலை தப்பும் என்று என் புத்திக்குப் பட்டது. “எங்கட வூட்ல ஒருத்தரும் அதத் தொடுறல்ல சேர்” என்றேன். அன்று மஃரிபுக்குப் பிறகு நீ போன் எடுத்துக் கேட்டபோதும் அதையே சொன்னேன். நீ என்னை நம்பி அப்படியே அங்கே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

வாப்பா எல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனதே தவிர, கண்ணும் காதும் போகவில்லை. நான் பச்சையை அமத்தியதையும் பார்த்தார், றொபின்சனிடம் சொன்னதையும் கேட்டார். அன்றிலிருந்து என் கையால் கஞ்சி குடிக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார், பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா வந்து ஊட்டினால் குடிக்கிறார். அவளும் என்ன சண்டை என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்து ஒரு நாள் கோப்பையைத் தட்டென்று வைத்துவிட்டு, உங்கள் மகளுக்காகத்தானே சொன்னேன் என்று கத்திவிட்டேன். கத்தியும் என்ன, அவர் திரும்பவில்லை.

சனிக்கிழமை நீ உன் கூட்டாளி ஃபாஹிமாவின் போனில் எடுத்து அழுதாயே, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. “ஒருத்தரும் தொடல்லெண்டா நான்தான் தெரிஞ்சே உட்டிருக்கணுமாம் உம்மா, காசுக்கு வித்துட்டேனாம்” என்றாய். அப்போதுதான் விளங்கியது, உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்தான் உன் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று. கவனக்குறைவு என்றால் ஏசுவார்கள், களவு என்றால் வேலையும் போய், ஊரில் நம் சனத்தின் முகத்தில் முழிக்கவும் முடியாதே. யா அல்லாஹ், என்ன காரியம் செய்துவிட்டேன்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் சிலாபத்துக்குப் போனேன். றொபின்சனின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி, எழுதிக் கொண்டுபோன கடிதத்தையும் கொடுத்தேன். அவர் அதைக் கடைசி வரைக்கும் வாசித்தார். பிறகு, “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார், அவ்வளவுதான். வியாழக்கிழமை விசாரணைக்கு முன் தலைமைக் கந்தோருக்கு அனுப்பிவிடுவாராம், முடிவு அவர் கையில் இல்லையாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னார், வேலை தப்பினாலும் வீட்டிலிருந்து செய்யும் அனுமதி இனிக் கிடைக்காதாம். போகட்டும் மகள். வாப்பாவைத் தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டும் என்றுதான் அந்த அனுமதிக்கு அலைந்தாய், இனி றஹ்மத் உம்மா காலையும் மாலையும் வருவதாக ஒப்புக்கொண்டாள், என் இடுப்பும் இன்னும் முறியவில்லை. நீ பக்கத்தில் இருந்த இந்த ஒன்றரை வருஷம் எனக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது என்று இப்போது எழுதினால் நீ அழுவாய், அதனால் எழுதவில்லை.

வியாழக்கிழமை கேட்டால் உள்ளதைச் சொல். உம்மாதான் அமத்தினா, எனக்குத் தெரியாது என்று நேரே பார்த்துச் சொல். தாயைக் காட்டிக் கொடுப்பதா என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே, உன் குணம் எனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு போகாதே, பாணாவது இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போ. அல்லாஹ் உன் நாவில் உண்மையையும் உன் நெஞ்சில் தைரியத்தையும் தரட்டும், உன்மேல் விழுந்த பழியைத் துடைக்கட்டும், ஆமீன்.

மறந்துவிடாதே, இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், றொபின்சனுக்குக் கொடுத்ததன் மறுபிரதி. என்னைக் காப்பாற்ற நினைத்து அதைக் கிழித்துவிடாதே. நேற்றுச் சிலாபத்துக்குப் போவதற்கு முன் இரண்டு தாளையும் வாப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் இடக் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். சாட்சி என்று எழுதிய இடத்தில் கோணலாக ஒரு கீறல் இருக்கிறதே, அது வாப்பாவின் கையெழுத்து. அதைப் போட்டு முடித்துவிட்டுத்தான் என் கையால் கஞ்சி குடித்தார்.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி மரியம்