பாட்டிலைத் தர மாட்டேன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அப்பாவுக்கு,

சந்தனமாரி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில் கடைத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஏரிக்கரை முழுக்க பாட்டில் குவிந்து கிடப்பதால் தடை சரிதான். ஆனால் குழாயில் வருவதோ மஞ்சள் நிற உப்புத் தண்ணீர். அதைக் குடித்த என் அறைத்தோழி கனிஷ்கா வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். அவளுக்காக ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். வாசலில் வார்டன் ஞானம்மா மறித்தார்.

“இன்னாம்மா, ரூல்ஸ் தெரியாதா உனுக்கு? ஏரி பூரா பாட்டிலா கீது. குடு அத்த.”

“தர மாட்டேன். இந்தக் கொழாத் தண்ணிய நீங்க குடிப்பியளா, சொல்லுங்க?”

அவர் வழிவிடவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்களும் ஒவ்வொருத்தியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது; யாரும் ஏறவில்லை. விடுதி முதலாளி ஓடி வந்தார். பாட்டில் கனிஷ்காவுக்குப் போனது; மறுநாளே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தடை நீடிக்கிறது. இருக்கட்டும், இனி அதை நானே காப்பாற்றுவேன்.

எனக்கு ஓர் எவர்சில்வர் பாட்டில் அனுப்புங்கள். பார்சலை உங்கள் கையாலேயே கட்டுங்கள். நீங்கள் போட்ட முடிச்சை அவிழ்த்து வெகு நாளாகிறது.

பஸ் வந்துவிட்டது. என்னைக் கண்டிக்கச் சொல்லி முதலாளி உங்களுக்குப் போன் செய்வாராம். மகள் செய்தது சரி என்று சொல்லுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்,
சந்தனமாரி