துப்பாக்கி உறையில் நீ பார்த்த நீலம்

என் ஆசை மச்சான் தேவதாசுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. இந்தச் சேதியை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. சொல்ல வேறு ஆளும் இல்லை. எங்கள் வீட்டுத் துப்பாக்கி பொய், மச்சான்.

ஜோலார்பேட்டை வீட்டில் இப்போது நான் ஒருத்தன்தான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, என் மனைவி சரோஜாவும் போய்விட்டாள், பையன் புனேயில். எனக்குப் பிறகு துப்பாக்கியை யார் வைத்துக்கொள்வார்கள்? அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதிப் போட்டேன். பழைய ஆயுதங்களைப் பார்த்துச் சொல்கிற ஓர் அம்மா சென்னையிலிருந்து வந்தார்.

வேலூர்க் கோட்டையில் சிப்பாயாக இருந்த முப்பாட்டன் வைத்திருந்தது என்று அப்பா சொல்லிவந்த கதையை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். இரும்பில் இருந்த கிரீட முத்திரையைக் காட்டி, "அடிச்சுப் பதிச்ச முத்திரைன்னா ஓரம் கூர்மையா இருக்கும் சார். இது மழுங்கி இருக்கு பாருங்க. அச்சுல வார்த்தது" என்றார். மருந்தைப் பற்றவைக்கிற துளைக்குள் ஓர் ஊசியை விட்டார். நெல்மணி அளவு போய் நின்றுவிட்டது. "குழல் வரைக்கும் துளையே போகல. இது ஒரு தடவகூட வெடிச்சிருக்காது. அலங்காரத்துக்குச் செஞ்சது."

கடைசியாகத் தோல் உறையைப் புரட்டி, வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நீ சொன்னதுதானே.

ஆம்பூரில் உன் வீட்டு ஜன்னலோரம் நின்று நீயும் இப்படித்தான் பிடித்துப் பார்த்தாய். தொழிற்சாலையில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்த கை.

"துப்பாக்கியப் பத்தி எனக்குத் தெரியாது மச்சான். ஆனா இந்த ஒறை அவ்ளோ பழசு இல்ல. மேலதான் பழுப்புச் சாயம். வெட்டுன எடத்துல நீலம் தெரியுது பாரு, இது குரோம் உப்புல பதம் பண்ண தோலு. சிப்பாய் காலத்துல ஏது குரோம்? மரப்பட்டைலதான் ஊறவெப்பாங்க, உள்ள வரிக்கும் பழுப்பாவே இருக்கும்."

அறையில் நாம் இருவர்தான். அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "நான் யார்கிட்டயும் சொல்லல. வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தபா காட்டிடு."

மறுவாரம் நம் பள்ளிக்கூட விழாவில் அதை மேடையில் காட்டுவதாக நான் ஒத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன்? "தோல் நாத்தத்துல கெடக்கறவனுக்கு சிப்பாய் குடும்பத்தப் பத்தி இன்னா தெரியும்?"

அதில் தோல் மட்டும் இல்லை, உன் சாதியும் இருந்தது. உனக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்து, உன் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். நீ துப்பாக்கியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாய். "பாத்துப் போ" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு நீ போகும்வரை ஒன்பது வருஷம் நாம் பேசவே இல்லை.

மேடையில் காட்டினேன், கைதட்டினார்கள். அதன் பிறகு அந்த உறையின் ஓரத்தை நான் பார்த்ததே இல்லை. நீ சொன்னது சரி என்று அன்றே எனக்குத் தெரிந்திருந்ததோ?

உன் அடக்கத்துக்கும் வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

துப்பாக்கியைப் பார்த்துச் சொன்ன அம்மா போன மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் எஸ்தர் கதவைத் திறந்து, "வாண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். "அவரு சொல்லிக்கினே இருப்பாரு, ஏழுமலைக்கு டூட்டி ஜாஸ்தி, அதான் வர முடியலன்னு."

நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம். அது உனக்குத் தெரியாதா? கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லையா நீ? என்னைக் காப்பாற்றினாயா, இல்லை, அந்தச் சொல் அவள் காதில் விழாமல் அவளைக் காப்பாற்றினாயா?

சோறு போட்டாள். சாப்பிட்டேன், மச்சான். "அடிக்கடி வாண்ணே, வூடே வெறிச்சுனு இருக்குது" என்று பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் போவேன். நான் உன்னைச் சொன்னதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் அவளிடம் சொல்வேன். அப்புறம் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடாமல் போகலாம். எனக்கென்று இருக்கிற ஒரே வாசலும் அடைபடலாம். ஆனாலும் சொல்வேன். ஒன்பது வருஷம் நீ ஒருத்தனாகவே அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தாய். போதும். இது சத்தியம்.

உன் மச்சான்,
ஏழுமலை